மாமியார் முகத்துக் காசு

வெள்ளிக்கிழமை எங்கள் காட்சிச்சாலைக்கு வார விடுமுறை. அதனால்தான் இன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன். வேறு நாளில் வந்திருந்தால் ஒரு நாள் லீவு வீணாகியிருக்கும். இந்த வருஷக் கணக்கில் மூன்று நாள்தான் மிச்சம் இருக்கிறது.

ரைட்டர் தைரியநாதன் நன்றாக எழுதுகிறார். ஆனால் நான் ‘காசு’ என்று சொன்ன இடத்தில் இரண்டு தடவை ‘பணம்’ என்று எழுதிவிட்டார். அடித்துத் திருத்தச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சொல்கிற காசு, தங்கத் தகட்டை வட்டமாக வெட்டி, அதில் அம்மன் உருவத்தைத் தட்டி எடுத்தது. அப்படிப்பட்டவற்றை வரிசையாகக் கோத்தால் காசுமாலை. பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவன் நான். ஒரு சொல் பிசகினால் எனக்குச் சோறு இறங்காது.

என் பெயர் பூமாலை. வயது ஐம்பத்து நான்கு. கள்ளக்குறிச்சி மலைவளக் காட்சிச்சாலையில் காப்பாளர். பூமாலை வந்து காசுமாலை பற்றிப் பேசுகிறதா என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், மரியாதைக்கு. இந்த எட்டு வருஷத்தில் அதைச் சொல்லாத ஆளில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான தங்கத்தில் ஒரு குண்டுமணிகூட நான் எடுக்கவில்லை. கொடுத்திருக்கிறேன்.

எங்கள் காட்சிச்சாலைக்கு நீங்கள் வந்ததில்லை என்றீர்கள். தப்பில்லை, யாரும் வருவதில்லை. மூன்று அறை. முதல் அறையில் முதுமக்கள் தாழியும் கல் கோடரியும். இரண்டாவதில் ஜாடிக்குள் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி. மூன்றாவதில் செப்புக் காசுகள், வெள்ளித் தண்டை, பிறகு அந்தக் காசுமாலை. சின்னசேலத்திலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிவருவார்கள். எல்லாரும் கன்றுக்குட்டியோடு நின்றுவிடுவார்கள். மூன்றாவது அறை அவர்களுக்கு வெளியே போகிற வழி, அவ்வளவுதான்.

அந்த அறை வாசலில் காவலாளி தஸ்தகீர் உட்கார்ந்திருப்பார். தங்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். திருடன் வாசல் வழியாகத்தான் வருவான், பெட்டிக்குள்ளிருந்து வரமாட்டான் என்பார். நல்ல நியாயம். அதனால், காவல் காக்கிற பொருள் எப்படி இருக்கும் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

காசுமாலை கிடைத்தது எண்பத்து மூன்று மாசியில். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். வீரமுத்து என்கிறவரும் அவர் மனைவி சின்னப்பொண்ணும் தங்கள் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு கிழங்கோடு சேர்ந்து மண் கலயமும் வந்திருக்கிறது. கலயத்துக்குள் மாலை. மூன்று நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு, நான்காம் நாள் சின்னப்பொண்ணே அதை மடியில் கட்டிக்கொண்டு போய் வி.ஏ.ஓ.விடம் கொடுத்தாள். யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்குச் சேரவேண்டிய பெருமை.

சீல் வைத்து, பல மேசை கடந்து, கடைசியில் மாலை எங்களிடம் வந்தது. இருபத்தொரு காசு, பத்தரைச் சவரன். நிறுத்துப் பதிவேட்டில் எழுதினேன். படம் எடுக்க விழுப்புரத்திலிருந்து ஆள் வரவேண்டும், அதற்கு உத்தரவு வரவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு நிதானமாகப் பார்த்தேன்.

ஐயா, அவ்வளவு மட்டமான வேலையை நான் பார்த்ததே இல்லை.

எங்கப்பா கடைவீதியில் நகைக்கு மெருகு போடும் கடை வைத்திருந்தார். பத்து வயதிலிருந்து அந்தப் பட்டறையில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். நல்ல காசுமாலைக்கு ஒரே அச்சு. எல்லா அம்மனும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கவேண்டும். இதைச் செய்தவனிடம் அச்சே இல்லை. ஒவ்வொரு காசையும் கையால் தட்டியிருக்கிறான். இருபத்தொரு அம்மனுக்கும் இருபத்தொரு மூஞ்சி. ஒருத்திக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பி, பல்வலிக்காரி மாதிரி. ஒருத்திக்கு ஓரக்கண். ஒருத்திக்கு மூக்கு உதட்டைத் தொடுகிறது. ஒருத்திக்கு இடப்பக்கம் நாலு கை, வலப்பக்கம் மூன்று. இதற்குக் கீழே என் கையெழுத்தில் ‘தொன்மையான அம்மன் காசுமாலை’ என்று சீட்டு வைக்க எனக்குக் கூசியது.

சுத்தம் செய்ய அனுமதி கேட்டு மேலிடத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. என் அனுபவத்தில் பதில் வராத கடிதத்துக்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று அனுமதித்துவிட்டார்கள், இல்லையென்றால் தொலைத்துவிட்டார்கள். இரண்டிலும் ஆட்சேபணை இல்லை.

ஆகவே சுத்தம் செய்தேன். தங்கத்தை முழுமையாகச் சுத்தம் செய்ய ஒரே வழிதான் உண்டு. உருக்குவது.

நான்கு வெள்ளிக்கிழமை ஆயிற்று. வெள்ளி தவறாமல் என் மனைவி தங்கமணி திருநாவலூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். வீட்டுப் பின்கட்டில் அப்பாவின் உலை இருந்தது. முதலில் இரும்பில் ஒரு அச்சு வெட்டினேன். அழகான அம்மன். தாமரை, இரண்டு பக்கமும் சமமான கைகள், அமைதியான முகம். பிறகு மாலையைக் கழற்றி, இருபத்தொரு காசையும் மூசையில் போட்டேன். அந்த ஓரக்கண்காரி கடைசியாக உருகினாள். தகடாக்கி, வெட்டி, ஒரே அச்சில் இருபத்தொன்றும் தட்டினேன்.

உருக்கி வெட்டும்போது தங்கம் கொஞ்சம் சேதாரம் ஆகும். பதிவேட்டு எடைக்குக் குறையக்கூடாதல்லவா? தங்கமணியின் தோட்டில் ஒன்றை எடுத்துச் சேர்த்தேன். அது கிணற்றில் விழுந்துவிட்டது என்று இன்றுவரை நம்புகிறாள். ஆள் விட்டுக் கிணற்றைத் தூர்வாரினாள். தோடு கிடைக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் ருசியாகிவிட்டது. நான் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னது இதைத்தான்.

மாலையைத் திரும்ப வைத்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி வருகைப் புத்தகத்தில் ‘நன்கு பராமரிக்கப்படுகிறது’ என்று எழுதிவிட்டுக் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போனார்.

எண்பத்து நான்கு கடைசியில் ஒரு நாள் சின்னப்பொண்ணு வந்தாள். தான் கொடுத்த பொருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கச்சிராயபாளையம் வந்து பஸ் பிடித்து, புருஷனோடு இறங்கியிருந்தாள். வீரமுத்து இரண்டாவது அறையோடு நின்றுவிட்டார். அவள் மட்டும் காசுமாலைப் பெட்டி முன்னால் கால்மணி நேரம் நின்றாள். என் சர்வீஸில் யாரும் அங்கே அவ்வளவு நேரம் நின்றதில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. விளக்கம் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

“சார், எங்க மாமியாள காணோம்,” என்றாள்.

கிழவி கடைவீதியில் தொலைந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் காட்டினாள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வீட்டில் வைத்திருந்த மூன்று நாளும் அவள் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காசாகப் பார்த்து, பெயர் வைத்திருக்கிறாள். கன்னம் உப்பினவள் மாமியார். ஓரக்கண்காரி நாத்தனார். மூக்கு நீண்டவள் அவளேதான். இப்படி இருபத்தொன்றுக்கும் ஊரில் ஆள் இருந்தது.

“இதுல எல்லாம் ஒரே பொம்பளையா இருக்குது. யாரு சார் இவ? எங்கூர்ல இப்பிடி ஒருத்தி கெடையாதே.”

என் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் விமரிசனம் அது. உண்மையைச் சொன்னால் வலித்தது. வெளிச்சம் படுகிற விதத்தில் அப்படித் தெரியும் என்றேன். அவள் பெட்டியை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

வாசலில் தஸ்தகீரிடம் சொன்னாள். டீக்கடையில் சொன்னாள். ஊருக்குப் போய் வி.ஏ.ஓ.விடம் சொன்னாள். யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டாள். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கணக்கில் கெட்டிக்காரர். மாலையை மேசைமேல் வைத்து, இதுதானா நீ எடுத்தது என்று கேட்டார். இல்லை என்றாள். எடுத்ததில் ஒவ்வொரு அம்மனுக்கும் வேறு வேறு முகம் என்றாள். அதை எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார்கள்.

பாவம், எதன்மேல் கைநாட்டு வைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரி கணக்குப் போட்டார். இவள் எடுத்தது இது இல்லை. அப்படியென்றால் எடுத்தது வேறு எங்கோ இருக்கிறது. மூன்று நாள் அது யாரிடம் இருந்தது? இவளிடம். ஆக, வேறு எதையோ கொடுத்துவிட்டு நல்லதை ஒளித்துவிட்டாள்.

உரைகல்லோடு ஒரு ஆசாரியை வரவழைத்தார்கள். உரசிப் பார்த்துவிட்டு, பழைய தங்கம், எடையும் பதிவேட்டின்படி சரி என்றார். இரண்டும் உண்மை. முகங்களைப் பற்றிப் பதிவேட்டில் ஏதாவது குறிப்பு உண்டா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். ‘உருவங்கள் வெவ்வேறு, வேலைப்பாடு மட்டம்’ என்று ஒரு வரி முன்பு இருந்தது. அந்தப் பக்கத்தில் மை ஊறியிருந்ததால், சில மாதம் முன்னால் அந்த வரி இல்லாமல் நல்ல கையெழுத்தில் படியெடுத்து ஒட்டியிருந்தேன்.

கடைசியாக அதிகாரி கேட்டார். “இந்த அம்மா பொய் சொல்றாங்களா?”

“பொய்னு சொல்லமாட்டேன் சார்,” என்றேன். “மலை ஜனம், பொய் பேசாதுங்க. அவங்க வேற ஒண்ணப் பார்த்திருக்கலாம்.”

நான் கனிவாகத்தான் சொன்னேன். அந்த ‘வேற ஒண்ணு’ அவர் பேனாவுக்குப் பிடித்துவிட்டது.

வேறு ஒன்றைத் தேடி அவள் மரவள்ளிக் காட்டைத் தோண்டினார்கள். வீட்டுத் தரையையும் தோண்டினார்கள். ஒரு பித்தளைக் கரண்டி கிடைத்தது. புதையலை மறைத்த குற்றத்துக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். கண்டெடுத்தவளுக்கு வரவேண்டிய பங்கும் போயிற்று. போலீஸ் விட்ட இடத்திலிருந்து ஊர்க்காரர்கள் தோண்டினார்கள். அந்தக் காட்டில் ஆள் உயரத்துக்குக் குழி. வீரமுத்து கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடகு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். திரும்பவில்லை.

உங்களுக்கு மனசாட்சி உறுத்தவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். உறுத்தாமலா வேலூர் ஜெயிலுக்கு மூன்று தடவை போனேன்? திருக்கோவிலூரில் ஒரு பஸ், திருவண்ணாமலையில் ஒரு பஸ். கையில் பன்னும் வாழைப்பழமும். அவளைப் பார்க்க வேறு யாரும் வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் அழுதாள்.

நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். முதலிலிருந்து சொல்லும்மா, எத்தனாவது காசு, எப்படிப்பட்ட முகம் என்று கேட்டேன்.

“மாமியாளுக்குக் கன்னம் இந்தப் பக்கம் சார், சோத்தாங்கைப் பக்கம். வெத்தல அடக்கிக்கினு பேசறாப்புல.”

பல்வலி இல்லையாம், வெற்றிலையாம். எனக்குத் தோன்றவேயில்லை. வலப்பக்கம் மூன்றே கை உள்ள அம்மனைப் பற்றிக் கேட்டேன். அது தப்பு இல்லை சார் என்றாள். நாலாவது கை பின்னால் இருக்கிறது, இடுப்பில் பிள்ளையைத் தாங்கியிருக்கிறது, பிள்ளையின் கால் மட்டும் விரல் நுனி அளவு தெரியும் என்றாள். மூன்று தடவையில் இருபத்தொன்றையும் சொல்லி முடித்தாள். பிசிறே இல்லை. அவளைப் போல ஒரு பார்வையாளரை எந்தக் காட்சிச்சாலையும் பார்த்திருக்காது.

மூன்றாவது தடவை கிளம்பும்போது சொன்னாள். “நீங்க ஒருத்தர்தான் சார் என்னிய நம்புறீங்க.”

“நம்புறேம்மா,” என்றேன். அது சத்தியம். உலகத்தில் அவளை நம்ப என் ஒருவனால்தான் முடியும்.

அதன்பிறகு எட்டு மாதம், ஒரு வெள்ளி விடாமல் வேலை செய்தேன். மாலையிலிருந்து மூன்று மூன்று காசாகக் கழற்றி எடுத்துப் போவேன். அந்த நாட்களில் பெட்டியில் பதினெட்டு காசுதான் தொங்கும். சீட்டில் இருபத்தொன்று என்று இருக்கும். அதையும் யாரும் எண்ணவில்லை. இந்தத் தடவை அச்சு இல்லை. சிற்றுளியை வைத்து, ஒவ்வொரு முகமாகத் தட்டினேன். வெற்றிலை அடக்கிய கன்னம் வருவதற்குள் நான்கு தடவை உருக்கினேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. மாலையை முதலில் செய்த அந்தப் பழைய ஆளுக்குக் கை வராமல் இல்லை. அவனுக்குத் தெரிந்த பெண்களை உட்காரவைத்து அம்மனாக்கியிருக்கிறான். சும்மா சொல்லக்கூடாது, பெரிய ஆள். அது எனக்குப் புரிந்தபோது அவன் வேலை என் மூசையில் உருகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பரவாயில்லை. என்னுடையது இன்னும் திருத்தமாக இருக்கிறது. பிள்ளையின் காலில் ஐந்து விரலும் வைத்திருக்கிறேன்.

சேதாரத்துக்குத் தங்கமணியின் இன்னொரு தோடும் போயிற்று. ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? கிணற்றை மறுபடியும் தூர்வாரினோம்.

இனி நான் ஏன் இங்கே வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் பிடிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பழைய நகைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். கன்றுக்குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மூன்றாவது அறைக்குப் போனார். லென்ஸ் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தார். வண்ணப்படம் எடுத்தார். புத்தகம் போன வாரம் தபாலில் வந்தது. நாற்பத்தாறாம் பக்கம் முழுவதும் நம் மாலைதான். தமிழ்நாட்டில் இதற்கு இணையான முக வேலைப்பாடு கிடையாது, ஒரு மேதையின் கை என்று எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க எனக்குக் கண் நிறைந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘செய்தவர்: பெயர் தெரியாத பொற்கொல்லர்.’

தஸ்தகீரிடம் படித்துக் காட்டினேன். “பாவம், பேரு தெரியாமலே செத்துப்பூட்டாரு,” என்றார்.

நான் சாகவில்லை. அதனால் வந்தேன். நம்பிக்கை வராவிட்டால் நோட்டுப் புத்தகம் இதோ இருக்கிறது. சிற்றுளிகள் வீட்டில் அலமாரியில். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தவேண்டும். நீங்கள் ஒரு கடிதம் போட்டால் திருத்திவிடுவார்கள். போலீஸ் கடிதத்துக்குப் பதில் வரும்.

அந்தப் பெண் விடுதலையான பிறகு வந்தாளா என்று கேட்கிறீர்கள். வந்தாள். வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்றுதான் சொல்லாமல் விட்டேன். கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எண்பத்தேழில், வெளியே வந்த மறுமாதம். தனியாக வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி நானே உள்ளே கூட்டிப் போனேன். கடைசிக் காசைக் கோத்து மாட்டி இருபது நாள்தான் ஆகியிருந்தது. எனக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கண்ணாடிமேல் விரல் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனாள். மாமியார் என்றாள். நாத்தனார் என்றாள். இது நான் என்றாள். பிள்ளைக்காரியிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. இருபத்தொன்றும் முடிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாரும் இங்கதான் இருந்திருக்காங்க. என் கண்ணுதான் அவிஞ்சிப் போச்சு. மாத்திட்டாங்கன்னு உங்க மேல அபாண்டமா சொல்லிட்டனே சார். அந்தப் பாவத்துக்குத்தான் உள்ள கெடந்தேன். காடு போச்சு, அந்த ஆளும் போயிட்டாரு. எல்லாம் என் வாயால.”

என் காலைத் தொட்டாள். நான் விலகிக்கொண்டேன். ஒரு கலைஞனுக்கு அதற்கு மேல் என்ன விருது வேண்டும் ஐயா? அந்த மாலையை முதன்முதலில் கழுத்தில் போட்டவளே, அதுதான் இது என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நான் இங்கே சொன்னதை யாராவது மலைக்குப் போய் அவளிடம் படித்துக் காட்டவேண்டியதில்லை. இப்போதுதான் தன்மேல்தான் தப்பு என்று தெளிந்து, நிம்மதியாக இருக்கிறாள். கெடுக்காதீர்கள்.

ரைட்டர் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? இன்னும் ஒரு வரிதான் பாக்கி. அவள் அன்று எழுந்திருக்கவே மாட்டேன் என்று அழுதாள். நான் அவளைக் கையமர்த்தி, போனது போகட்டும்மா, உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். யார்மேலும் மனதில் எதையும் வைத்துக்கொள்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.